செம்புக் கம்பியால் தைத்த படகு

முதியவர்களுக்கு நாம் செய்யும் பெரிய தொண்டு அவர்களை உட்கார வைப்பதே என்று நம்மில் பலர் கருதுகிறோம். "இத்தனை ஆண்டுகள் பாடுபட்டீர்கள், இனி ஒரு துரும்பையும் எடுத்துப் போட வேண்டாம்" என்று அன்போடு சொல்கிறோம். அந்தச் சொல்லில் பொய்யில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளாக உளி பிடித்த கை, உளியை வைத்துவிட்ட மறுநாளே ஓய்வை ஏற்றுக்கொள்வதில்லை. வேலை செய்தவருக்கு வேலையே உறவு. அந்த உறவு அறுந்த இடத்தில் வேறு எந்த உபசாரமும் எளிதில் வேர் பிடிப்பதில்லை.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை இங்கே எழுதுகிறோம். வீட்டுக் கொட்டகையில் மரப்படகு ஒன்றைக் கட்டிய கதை அது. படகைப் பற்றி எழுதும்போது அதைக் கட்டியவரைப் பற்றியும் எழுதாமல் இயலாது என்பதை வாசகர் பொறுத்தருள வேண்டும்.

வந்த இடத்தில் வாடியவர்

எங்களுள் ஒருவருக்கு அவர் தந்தை, மற்றவருக்கு மாமனார். இருவருக்கும் அவர் 'அப்பா'வே. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் ஓடாவியாக வாழ்ந்தவர். கடற்கரை மக்களிடையே படகு கட்டும் தச்சரை ஓடாவி என்றே அழைப்பர். வள்ளம் செதுக்குவது, பழைய பலகையை மாற்றுவது, கட்டுமரத்துக்குக் கட்டை தேர்வது, துடுப்பு இழைப்பது எல்லாம் அவர் கைவேலை. அந்த உளியின் வருவாயில்தான் எங்களுள் ஒருவர் பொறியியல் படித்தார். படித்தவருக்குக் கடல் கடந்து வேலை கிடைத்தது. 1976ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில், எக்ஸ் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்திற்கு அருகே நாங்கள் குடியிருந்தோம்.

1983ஆம் ஆண்டு அம்மா இறந்தார்கள். ஊரில் அப்பா தனியே சமைத்து உண்பதாக உறவினர் எழுதினர். பலமுறை வற்புறுத்திய பின், 1985ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எங்களோடு வந்து தங்க இசைந்தார்.

கோடைக்காலம் வரை குறையொன்றும் தெரியவில்லை. வெயில் குறைந்து, மாலையில் விரைவாகவே இருட்டத் தொடங்கிய நாள்களில் அவர் ஒடுங்கத் தொடங்கினார். காலையில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குச் செல்வர். மூத்தவள் பன்னிரண்டு வயதுப் பெண். இளையவன் ஒன்பது வயதுப் பையன். மாலையில் திரும்பி வந்து பார்த்தால், காலையில் அவர் அமர்ந்த நாற்காலியிலேயே அமர்ந்திருப்பார். சோறு மூடியபடியே இருக்கும். "பசிக்கவில்லை" என்பார். பிள்ளைகளின் தமிழ் தட்டுத்தடுமாறும். அவருக்கோ ஆங்கிலம் தெரியாது. "பாட்டா, சுகமா?" என்ற கேள்வியோடும் "சுகந்தான் மக்களே" என்ற பதிலோடும் பேச்சு முடிந்துவிடும். ஞாயிறுதோறும் ஒரே கேள்வியை எங்களிடம் கேட்பார்: "திரும்புகிற சீட்டு எந்தத் தேதிக்கு?"

மருத்துவர் பார்த்தார், உடலில் நோய் இல்லை என்றார்.

எங்கள் தெருக்கோடி வீட்டின் முன்புறத்தில் சிறிய பாய்ப்படகு ஒன்று சக்கரவண்டியின்மேல் நின்றிருந்தது. நடைக்குப் போகும்போதெல்லாம் பாட்டா அதனருகே நின்று, அதன் விளிம்பை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார் என்று எங்கள் மகள் ஒருநாள் சொன்னாள். வீட்டுக்காரரிடம் விசாரித்தோம். அதை அவரே தம் கார்க் கொட்டகையில் கட்டியதாகவும், பலகைகள் வெட்டப்பட்டுப் பெட்டியில் வந்ததாகவும் சொன்னார். அன்றிரவே நாங்கள் இருவரும் கலந்து பேசி முடிவுசெய்தோம்.

பெட்டியில் வந்த படகு

அந்தப் படகினத்திற்கு 'மிரர்' என்று பெயர். அதன் வரலாறு சுவையானது. 1960களின் தொடக்கத்தில், பாய்ப்படகு என்பது இங்கிலாந்திலும் வசதியுள்ளோரின் விளையாட்டாகவே இருந்தது. சாதாரண உழைப்பாளியும் தன் வீட்டிலேயே கட்டி மிதக்கவிடக்கூடிய படகு ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தில், 'டெய்லி மிரர்' நாளிதழ் அம்முயற்சிக்கு ஆதரவு தந்தது. பி.பி.சி. தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்ள மக்களுக்குக் கற்பித்துவந்த பாரி பக்னெல் என்பவரும், பல சிறு படகுகளை வடிவமைத்துப் புகழ்பெற்ற ஜாக் ஹோல்ட் என்பவரும் சேர்ந்து இதனை உருவாக்கினர். 1963ஆம் ஆண்டு வெளிவந்தபோது, கட்டுவதற்கான பொருள்கள் அடங்கிய பெட்டியின் விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். நாளிதழின் தலைப்பு நிறத்திற்கு இணங்கப் பாய்கள் சிவப்பாக அமைந்தன. இதுவரை உலகெங்கும் 70,000க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பல, தச்சுத்தொழில் அறியாதவர்களால் வீட்டிலேயே கட்டப்பட்டவை.

படகின் நீளம் 10 அடி 10 அங்குலம். அகலம் 4 அடி 7 அங்குலம். உடலின் எடை ஏறத்தாழ 45 கிலோ. இருவர் தூக்கி நடக்கலாம். பாய்மரம் குட்டையானது. அதன்மேல் மற்றொரு கழி நெட்டுக்குத்தாக ஏறிப் பாயின் உயரத்தை நிறைவு செய்கிறது. ஆகவே கழிகள் அனைத்தையும் கழற்றிப் படகுக்குள்ளேயே கிடத்தி, காரின் கூரைமேல் ஏற்றிச் செல்ல முடிகிறது. முன்முகம் கூராக இல்லாமல் மழுங்கியிருப்பது இதன் தனி அடையாளம். குறைந்த நீளத்தில் அதிக இடம் கிடைக்கவும், பழக்கமில்லாதவர் எளிதில் கட்டவும் அது துணைசெய்கிறது.

அக்டோபர் மாதத்தில் பெட்டி வந்தது. காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, கொட்டகையைப் பெருக்கி, பழைய கதவொன்றை முக்காலிகளின்மேல் போட்டு மேசையாக்கினோம். பிளைவுட் என்று வழங்கும் ஒட்டுப்பலகைகள், செம்புக் கம்பிச் சுருள், கண்ணாடி இழை நாடா, பிசின், பித்தளைத் திருகாணிகள், செப்பு ஆணிகள், கழிகள், குறிப்புப் புத்தகம் என ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அப்பா ஒரு பலகையை எடுத்து வளைத்துப் பார்த்தார். கால் அங்குலமும் இல்லாத தடிப்பு. முகர்ந்து பார்த்தார். விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"அணியம் இல்லாத படகா?" என்றார். அணியம் என்பது படகின் முன்பகுதி. பின்பகுதிக்கு அமரம் என்று பெயர். "மூக்கு அறுந்ததுபோல் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். ஆனால் அன்றிரவு அவர் சோற்றை மிச்சமின்றி உண்டார் என்பதை நாங்கள் இருவரும் கவனித்தோம், ஒருவரோடொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

தச்சா, தையலா?

இப்படகு கட்டும் முறை நம் ஓடாவிகளின் முறைக்கு முற்றிலும் மாறானது போலத் தோன்றும். வழக்கமான படகில் முதலில் ஏரா வைத்து, வங்குகளை நிறுத்தி, அவற்றின்மேல் பலகை அடிப்பார்கள். ஏரா என்பது அடிமரம். வங்கு என்பது விலா எலும்பு போன்ற சட்டம். இதிலோ அத்தகைய எலும்புக்கூடு முதலில் இல்லை. வெட்டி வைத்த பலகைகளின் ஓரங்களில் சிறு துளைகள் இட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்க வேண்டும். அடிப்பலகைகள் இரண்டையும் நடுக்கோட்டில் தைத்துவிட்டு, புத்தகத்தைத் திறப்பதுபோல் விரித்தால், தட்டைப் பலகை தானாகவே வளைந்து படகின் வயிறாக மாறுகிறது. பின்னர்ப் பக்கப் பலகைகள், முன்முகம், பின்முகம் எல்லாவற்றையும் தைத்துக் குறடால் முறுக்கினால், ஒரு வார இறுதிக்குள் கொட்டகையில் படகின் உருவம் நின்றுவிடுகிறது.

குறிப்புப் புத்தகத்தை மகள் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அப்பா செய்ய வேண்டும். மற்றவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். இதுவே ஏற்பாடு. முதல் நாளிலேயே மகளுக்குச் சிக்கல் வந்தது. படகின் உறுப்புகளுக்கு அவளுக்கு ஆங்கிலச் சொல் தெரியும். தமிழ்ச் சொல் தெரியாது. படத்தில் விரலை வைத்துக் காட்டுவாள்; அவர் பெயரைச் சொல்வார். அணியம், அமரம், ஏரா, வங்கு, சுக்கான், பாய்மரம். அவள் அவற்றைப் பென்சிலால் பலகையின் உட்புறத்திலேயே எழுதிக்கொண்டாள். ஐந்து மாதங்களாக வீட்டில் நடக்காத உரையாடல் கொட்டகையில் நடக்கத் தொடங்கியது.

"மரத்தை வெட்டவில்லை, செதுக்கவில்லை; இது தச்சா, தையலா?" என்று முதலில் கேலி செய்த அப்பா, மூன்றாம் நாள் தாமே ஒரு செய்தி சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது எங்கள் கரையில் கரைமடி இழுக்கும் வள்ளங்களின் பலகைகள் தேங்காய்நார்க் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தனவாம். ஆணியடித்த படகு கரையலையில் மோதினால் பலகை பிளக்கும். தைத்த படகோ அலைக்கு வளைந்து கொடுத்துக் கரையேறிவிடும். சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து மக்களையும் சரக்குகளையும் அலை கடந்து கரைசேர்த்த மசூலாப் படகுகளும் அவ்வாறு கயிற்றால் தைத்தவையே. கரையலை மிகுந்த நம் கடற்கரைக்கு அந்தத் தையலே ஏற்றதாக இருந்தது. "என் தகப்பனாருக்குத் தையல் தெரியும். எனக்கு ஆணிதான் தெரியும். இப்போது பேரப்பிள்ளைகளோடு தையல் படிக்கிறேன்" என்றார்.

பலகைகள் தைக்கப்பட்டதும், படகு முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது முறுக்கு இருந்தால், பிசின் இறுகிய பின் அதனை யாராலும் திருத்த முடியாது. அந்தப் படகு வாழ்நாள் முழுவதும் ஒரு பக்கமாகவே ஓடும். முன்முகத்தின் நடுவிலிருந்து பின்முகத்தின் இரு மூலைகளுக்கும் அளந்து பார்க்கும்படி புத்தகம் கூறியது. நாங்கள் அளவு நாடாவைத் தேடினோம். அப்பா ஒரு கயிற்றை எடுத்து ஒரு மூலைக்கு நீட்டி முடிச்சிட்டார். அதே கயிற்றை மறு மூலைக்கு நீட்டினார். முடிச்சு அரை அங்குலம் விலகி நின்றது. நான்கு தையல்களைத் தளர்த்தி, முழங்காலால் ஓர் அழுத்து அழுத்தி, மீண்டும் முறுக்கினார். முடிச்சு மூலையில் வந்து உட்கார்ந்தது. பையன் கைதட்டினான்.

பிசினும் குளிரும்

அடுத்த கட்டம் ஒட்டுதல். தைத்த இணைப்புகளின் உட்புறம் முழுவதும் கண்ணாடி இழை நாடாவை வைத்துப் பிசினால் நனைக்க வேண்டும். பிசினோடு கெட்டிப்படுத்தும் திரவத்தைச் சிறிதளவு கலந்ததும் அது தானே சூடேறி, சற்று நேரத்தில் கல்லாக இறுகுகிறது. கலந்துவிட்ட பிறகு காத்திருக்காது. ஆகவே சிறு கிண்ணங்களில் சிறிது சிறிதாகவே கலக்க வேண்டும். ஆனால் குளிரில் அது இறுகவும் மறுக்கும். டெவன் மாவட்டத்து நவம்பர்க் குளிரைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஓர் இக்கட்டு. பிசினின் ஆவி மூச்சுக்குக் கேடு, தீப்பற்றவும் கூடும். எனவே கதவைத் திறந்து வைக்க வேண்டும். கதவைத் திறந்தால் குளிர் வந்து பிசின் இறுகாது. நெருப்புக் கணப்பைக் கொண்டுவரவே கூடாது. முந்தின நாள் முழுவதும் மின்கணப்பால் கொட்டகையையும் பலகையையும் சூடேற்றி வைத்து, வேலை நேரத்தில் கணப்பை அகற்றிக் கதவைத் திறந்து, விரைவாக முடித்துவிட்டு வெளியேறினோம். ஆவி அகன்றபின் மீண்டும் வெப்பமூட்டினோம். கலக்கும் வேலையையும் பூசும் வேலையையும் பெரியவர்களே செய்தோம். கையுறை இல்லாமல் அப்பாவை விடவில்லை. கையுறை போட்டால் மரம் பேசுவது கேட்கவில்லை என்று அவர் முணுமுணுத்தார்.

மறுநாள் விடிவதற்கு முன் கொட்டகையில் விளக்கெரிவதைக் கண்டு போய்ப் பார்த்தோம். கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தியபடி அப்பா இணைப்பின்மேல் நகத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். "பிடித்துவிட்டது" என்றார். அந்தக் குரலை நாங்கள் அம்மா இறந்த பிறகு கேட்டதில்லை.

உட்புறம் இறுகிய பின் படகைக் கவிழ்த்து, வெளியே துருத்திய கம்பிகளை வெட்டி, அரத்தால் தேய்த்து, வெளிப்புற இணைப்புகளுக்கும் நாடா ஒட்டினோம். உள்ளே இருக்கும் தையல் நாடாவின் அடியில் அப்படியே நின்றுவிடுகிறது. பின்னர்ச் சட்டங்கள், குறுக்குத் தடுப்புகள், பக்க அறைகள். இந்த அறைகள் காற்றடைத்தவை. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதக்கச் செய்பவை. மகள் எழுதிய தமிழ்ச் சொற்களில் பாதி அந்த அறைகளுக்குள் மூடப்பட்டுவிட்டன. மூடுவதற்கு முன் அவற்றைக் குறிப்பேட்டில் படியெடுத்துக்கொள்ளும்படி அப்பாவே அவளுக்குச் சொன்னார்.

விளிம்புச் சட்டத்தை வளைக்கும் நாள்தான் அவர் தம் பழைய கருவிகளின் அருமையை நினைவுகூர்ந்த நாள். கழியை வெந்நீர்த் துணியால் சுற்றிப் பதப்படுத்தி, ஒரு முனையைப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக வளைத்து, பிடிப்பான்களால் இறுக்கினார். அந்த வேலைக்குப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

மறைந்துபோன திருகாணிகள்

பிப்ரவரி மாதத்தில் ஒருநாள் இரவு உணவின்போது அப்பா அமைதியாகச் சொன்னார்: "படகு தண்ணீரில் இறங்கியதும் என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள்."

நாங்கள் திகைத்துப் போனோம். அவர் நன்றாக உண்கிறார், சிரிக்கிறார், பேரப்பிள்ளைகளோடு பேசுகிறார். அவர் எங்களோடு இருந்துவிடுவார் என்றே எங்கள் உள்ளம் நம்பத் தொடங்கியிருந்தது. "இங்கே என்ன குறை?" என்று கேட்டோம். "குறை இருந்தபோது போகப் பயமாக இருந்தது. இப்போது பயமில்லை" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை.

பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை மேல்தட்டுக்கான பித்தளைத் திருகாணிப் பெட்டியைக் காணவில்லை. கொட்டகை முழுவதும் தேடினோம். அதற்கடுத்த வாரம் பூச்சுத் தூரிகைகள் மறைந்தன. கடையில் புதிதாக வாங்கிவந்தோம். மூன்றாம் முறை, பாய்மரத்தின் இரும்பு வளையமே காணாமற்போனபோதுதான் எங்களுக்கு ஐயம் எழுந்தது. பையனை அழைத்து விசாரிக்க நாங்கள் எழுந்தோம். அப்பா கையசைத்துத் தடுத்தார். அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

அவனைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்று, கவிழ்த்து வைத்திருந்த படகின்மேல் தம் அருகே உட்கார வைத்தார். நாங்கள் கதவருகே நின்றோம். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னார்: "மக்களே, படகைக் கரையிலேயே வைத்திருந்தால் அது பத்திரமாக இருக்கும் என்று நினைக்காதே. வெயிலில் பலகை வெடிக்கும்; மழையில் உளுக்கும். தண்ணீரில் கிடந்தால்தான் அது படகு. பாட்டாவும் அப்படித்தான்."

அவனுக்கு அந்தத் தமிழில் எவ்வளவு விளங்கிற்று என்று நாங்கள் அறியோம். அழுதான். அழுது முடித்தபின் தோட்டத்துச் செடிகளுக்கிடையே புதைத்து வைத்திருந்த தகரப் பெட்டியைத் தோண்டிக்கொண்டு வந்தான். அதில் எல்லாம் இருந்தன. "நனையாமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறானே! நல்ல ஓடாவி" என்று அப்பா அவன் தலையைத் தடவினார். அன்றிலிருந்து திருகாணி முடுக்கும் வேலை முழுவதும் அவனுடையதாயிற்று.

பிள்ளைகளின் அந்த வருத்தத்தை நாங்கள் உணர்ந்தோம். எங்களுக்கும் அதே வருத்தம் இருந்தது. அன்பு செலுத்துகிறவர், தம் அன்புக்கு உரியவரை அருகிலேயே வைத்துக்கொள்ள விரும்புவது இயல்பு. ஆனால் ஒருவர் எங்கே தம் கால்களில் நிற்க முடியுமோ, அங்கே அவரை விடுவதும் அன்பின் கடமையே. அதனை ஏற்க எங்களுக்கு வசந்தகாலம் வரை ஆயிற்று. ஏப்ரல் மாதத்தில் பயணச்சீட்டு வாங்கினோம், செப்டம்பர் மாதத்திற்கு.

நீர் கண்ட நாள்

உள்ளே நிறமற்ற மெருகெண்ணெய் மூன்று பூச்சு. வெளியே நீல வண்ணம். அம்மாவின் பெயரைப் பின்முகத்தில் மகள் தமிழில் எழுதினாள். மந்திரிக்காத படகு நீரில் இறங்கக் கூடாது என்று அப்பா உறுதியாக நின்றார். நம் கடற்கரையில் அது வழக்கம் அல்லவா? பங்குக் குருவானவரிடம் சொன்னோம். அவருக்கு இது புதுமையாக இருந்தாலும், மகிழ்ச்சியோடு கொட்டகைக்கே வந்து ஆசீர்வதித்தார்.

1986ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிறு ஒன்றில் கழிமுகத்திற்குக் கொண்டுசென்றோம். எக்ஸ் கழிமுகத்தில் வற்று நேரத்தில் சேறே தெரியும். பெருக்கு நேரத்தில்தான் நீர் கரையைத் தொடும். ஆகவே பெருக்குக் கணக்குப் பார்த்து நண்பகலில் இறக்கினோம். மிதவை அங்கி அணிய அப்பா மறுத்தார். "அறுபது ஆண்டுக் கடலுக்கு இது எதற்கு?" என்றார். "பாட்டா போட்டால்தான் நானும் போடுவேன்" என்றான் பையன். மறுபேச்சின்றி அணிந்துகொண்டார்.

இரு பிள்ளைகளோடும் அவர் ஏறினார். பாய் விரிந்தது. சற்று நேரம் இது என்ன காற்று என்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தென்மேற்கிலிருந்து மெல்லிய காற்று. "கச்சான் மாதிரிதான்" என்று பிள்ளைகளிடம் சொன்னாராம். சுக்கானை ஒரு முறை வலப்புறமும் ஒரு முறை இடப்புறமும் சோதித்துவிட்டு, நீவாட்டின் போக்கைப் பார்த்து, அக்கரையை நோக்கித் திருப்பினார். நீவாடு என்பது கடலுள் ஓடும் நீரோட்டம். சிவப்புப் பாய் சிறுத்துக்கொண்டே போவதை நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். படகுக்குள் ஒரு சொட்டு நீரும் ஏறவில்லை என்பதைத் திரும்பி வந்ததும் முதல் செய்தியாகச் சொன்னார். முன்முகத்தின் மழுக்கத்தைத் தட்டி, "மூக்கு இல்லாவிட்டாலும் மூச்சு இருக்கிறது" என்றார்.

அந்தக் கோடை முழுவதும் அவர் பிள்ளைகளுக்குப் படகோட்டக் கற்பித்தார். செப்டம்பரில், எங்களில் யாரும் அழக்கூடாது என்று சொல்லிவிட்டு, தாமே அழுதபடி விமானம் ஏறினார்.

ஊரில் கண்ட புதுமை

1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தார். முட்டத்திற்குப் போய் வந்தாராம். அங்கே ஒட்டுப்பலகைகளைத் தைத்து, கண்ணாடி இழையால் ஒட்டி, மீன்பிடி வள்ளங்கள் கட்டுகிறார்களாம். "நம் கொட்டகையில் செய்த அதே வேலை! நான் அருகே போய், இணைப்பை நகத்தால் அழுத்திப் பார்த்துச் சொன்னேன். உமக்கு இது எப்படித் தெரியும் என்று பையன்கள் கேட்டார்கள்" என்று எழுதியிருந்தார்.

அக்காலத்தில் குமரி, திருவனந்தபுரம் கடற்கரைகளில் இது பெரிய மாற்றம். வள்ளம் குடையப் பயன்பட்ட அயினி, மா போன்ற பெருமரங்கள் அரிதாகி, விலை எட்டாத உயரத்திற்குப் போயிருந்தது. அதனை ஈடுசெய்யவே 1980களில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் வந்தன. பியர் ஜில்லே என்ற படகு வல்லுநர் முட்டத்தில் இம்முயற்சியில் ஈடுபட்டு, அதன் வெற்றிகளையும் வேதனைகளையும் 1985இல் நூலாகவும் எழுதினார். 1980இல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு பின்னர்ப் படகுக் கூடங்கள் அமைத்து அவற்றைப் பெருக்கிற்று. பெருமரம் தேவையில்லை; எடை குறைவு; வெளிப்பொறியும் பொருத்தலாம். பின்னாளில் முழுவதும் கண்ணாடி இழையால் ஆன படகுகள் பெருகி, இவற்றின் இடத்தையும் பிடித்துக்கொண்டன. ஆயினும் ஒரு தலைமுறை மீனவர் அந்த ஒட்டுப்பலகை வள்ளங்களில் பிழைத்தனர்.

அப்பா அதன்பின் பத்தாண்டுகள் ஊரில் வாழ்ந்தார். பெரிய வேலை எதுவும் செய்யவில்லை; இளைஞர்களின் வள்ளங்களைப் பழுதுபார்த்துக் கொடுத்தார், கேட்டவர்க்கு ஆலோசனை சொன்னார். மாலையில் கடற்கரையில் அவரைச் சுற்றி நான்கு பேர் இருப்பர் என்று உறவினர் எழுதுவர். 1996ஆம் ஆண்டு, தம் சொந்தக் கட்டிலில், தம் ஊர் அலையோசை கேட்டபடி கண்மூடினார்.

குடும்பங்களுக்கு

படகு கட்டுமாறு எல்லாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. ஆயினும் எவரேனும் இத்தகைய முயற்சியில் இறங்க விரும்பினால் சில குறிப்புகள். படகு எவ்வளவு நீளமோ, அதைவிட நான்கைந்து அடி கூடுதல் இடம் கொட்டகையில் வேண்டும். கட்டிய படகு வெளியே வரக் கதவின் அகலத்தையும் முன்னரே அளந்துகொள்ள வேண்டும். நாங்கள் சனிக்கிழமைகளிலும் மாலைகளிலும் மட்டும் வேலை செய்ததால் ஏழு மாதங்கள் ஆயின. இப்போது எபாக்சி என்னும் பிசின் பரவலாகப் பயன்படுகிறது. அது மரத்தை இன்னும் உறுதியாகப் பற்றுகிறது. எந்தப் பிசினானாலும் காற்றோட்டம், கையுறை, தேய்க்கும்போது மூக்குமூடி ஆகிய மூன்றையும் விட்டுவிடலாகாது. கண்ணாடி இழைத் தூசி நுரையீரலுக்கு நல்லதன்று.

படகுதான் வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டு முதியவர் கொத்தனாராக இருந்தால் ஒரு சிறு சுவரை அவர் மேற்பார்வையில் எழுப்பலாம். தையற்காரராக இருந்தால் பேத்தியின் பாவாடையை அவரிடம் கொடுக்கலாம். விவசாயியாக இருந்தால் கொல்லையில் நான்கு பாத்தி போதும். வேலையை நாமே முடித்துவிட்டு அவரைப் பாராட்டக் கூப்பிடுவது போதாது. அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது என்று உண்மையாகவே காத்திருக்க வேண்டிய வேலையாக அது இருக்க வேண்டும். பிள்ளைகளும் உடன் இருக்க வேண்டும். மொழி தெரியாத பிள்ளைகள் மொழியைக் கற்பதற்குக் கருவிகள் பரவிய மேசையைப் போன்ற பள்ளி வேறில்லை.

எங்கள் மகள் இப்போது இரு பிள்ளைகளுக்குத் தாய். பாட்டாவின் சொற்களைப் படியெடுத்த குறிப்பேடு அவளிடம் இருக்கிறது. படகு மகனிடம் இருக்கிறது. இருமுறை வண்ணம் மாறிற்று. பாய் ஒருமுறை மாறிற்று. ஒரு பக்கப் பலகையில் ஒட்டுப்போட வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் வசந்தத்தில் அவன் அதைத் தண்ணீரில் இறக்கத் தவறுவதில்லை.